லோகாம்பாள் உரசின காசு

அந்துருண்டை வாசனை வந்தாலே லோகாம்பாளுக்குக் குமட்டும். பிழைப்போ அந்த வாசனைக்குள்தான். பிள்ளையார்பாளையத்திலும் பெரிய காஞ்சிபுரத்திலும் வீடு வீடாகப் போய்ப் பழைய பட்டுப்புடவை வாங்குகிறாள், இருபத்துநாலு வருஷமாக. பீரோவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் நெடி, மடிப்பில் கறுத்துக் கிடக்கும் வேர்வைக் கறை, எந்தக் கல்யாணப் பந்தியிலோ சிந்திய சாம்பாரின் மஞ்சள், எல்லாவற்றையும் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் விரித்துப் பார்ப்பாள். புடவையையாவது பொறுத்துக்கொள்வாள். புடவையோடு சேர்த்து அவிழ்த்துவிடும் பொய்யைத்தான் அவளால் தாங்க முடியாது.

"சுத்த வெள்ளி ஜரிகை லோகாக்கா. எங்க மாமியார் கூடவே நின்னு நெய்ய வெச்சு எடுத்தது."

லோகாம்பாள் அந்தப் புடவையின் முந்தானை ஓரத்தில் ஓர் இழையைப் பிளேடு முனையால் மெல்லச் சுரண்டுவாள். மேலே சுற்றிய தகடு பிரிந்து உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் வெள்ளி. வெளுத்த நைலான் இழை எட்டிப் பார்த்தால் செம்பு. அதிலும் சந்தேகம் என்றால் பையிலிருந்து உரைகல் வெளியே வரும். உள்ளங்கை அகலத்துக் கறுப்புக் கல். அதில் ஒரு கோடு இழுத்து, திராவகம் ஒரு சொட்டு விட்டால் போதும், செம்பு பச்சையாகப் பொங்கித் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

"உங்க மாமியார் தலையில நல்லா மொளகா அரைச்சிருக்கான்மா. செம்பு."

"நாப்பதாயிரம் குடுத்து எடுத்தது அக்கா!"

"நாப்பதாயிரம் குடுத்தா செம்பு வெள்ளி ஆயிடுமா? மடிச்சு வெய்யி. எங்கயாச்சும் காதுகுத்துக்குக் கட்டிக்கினு போ."

இப்படி மூஞ்சியில் அடித்தாற்போல் பேசுகிறவளை யார் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அவளைத்தான் கூப்பிட்டார்கள். வெள்ளியைச் செம்பு என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போகிறவர்கள் அந்தத் தொழிலில் நிறைய. லோகாம்பாள் வாயில் அது வராது. வெள்ளி என்றால் வெள்ளி, செம்பு என்றால் செம்பு. கொலுசு வாங்கினாலும் குங்குமச் சிமிழ் வாங்கினாலும் பெண்கள் அதை அவளிடம் ஒரு தடவை கொடுத்து உரசிப் பார்த்து வாங்கினால்தான் நிம்மதியாகத் தூங்கினார்கள். "லோகாம்பாள் உரசிட்டாளா?" என்று கேட்பதே அந்த நாலைந்து தெருக்களில் வழக்கமாகிவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில் அவளிடம் இருந்த சொத்து என்று பார்த்தால் இந்தப் பேச்சு ஒன்றுதான். வீடு வாடகை. புருஷன் ராஜகோபால் ஒரு பட்டுக்கடை வாசலில் காவலுக்கு நிற்கிறவர். மகள் ஜெயப்ரியாவை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று.

லோகாம்பாள் மாகறல் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் புடவை எரிக்கிற பட்டறையில்தான் வேலைக்குப் போனாள். ஜரிகைக்காக வாங்கிவந்த புடவைகளை இரும்புச் சட்டியில் போட்டுக் கொளுத்துவார்கள். பட்டு கருகும்போது தலைமுடி பொசுங்குகிற நாற்றம் வரும். அது சேலையில் ஏறி, சோற்றில் ஏறி, பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் கூடவே வரும். ஆறு வருஷம் அதைச் சுவாசித்தாள். ஒரு பெண் உயிரைக் கொடுத்துச் சேர்த்து வாங்கிய புடவை, மாங்காய் நிறமும் மயில் கழுத்து நிறமுமாக இருந்தது, பத்து நிமிஷத்தில் ஒரு கறுப்பு உருண்டையாகிவிடும். அதை உருக்கினால் வெள்ளி. அதற்குத்தான் விலை. நிறத்துக்கும் கிடையாது, நெய்தவன் கைக்கும் கிடையாது.

இந்தப் பீரோக்களின் அடியிலிருந்துதான் காசுகள் வரத் தொடங்கின. வெள்ளி விலை ஏற ஏற, புடவையோடு பழைய ரூபாய்களையும் எடுத்து நீட்டினார்கள். பெரும்பாலும் பூஜை அறைக் காசுகள். அவற்றைப் பார்த்தால் லோகாம்பாளுக்கு அழுகை வராத குறை. வெள்ளிக்கிழமை தவறாமல் புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, விக்டோரியா மகாராணிக்கு மூக்கே இல்லாமல் ஆக்கி வைத்திருப்பார்கள். கேட்டால் "பளபளன்னு வெச்சிருக்கேன், நல்ல வெலை போட்டுக் குடு" என்பார்கள். அழுக்கோடு விட்டிருந்தால் ஐயாயிரம் போயிருக்க வேண்டிய காசை இவர்கள் கையாலேயே வெறும் வெள்ளியாக்கிவிட்டு அதற்குப் பெருமை வேறு.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். ராமர் பட்டாபிஷேகம் அச்சடித்த பித்தளை வில்லையைக் கொண்டுவந்து, கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் காசு, அரிசியை இழுக்கும், கோடி ரூபாய் என்பார்கள். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய்த் தாளைக் காட்டி யூடியூபில் ஐந்து லட்சம் சொன்னான் என்பார்கள். "அப்ப அந்த யூடியூப்காரன்கிட்டயே போய்க் குடு" என்பாள் லோகாம்பாள். பேராசைக்கு ஒரு வாசனை உண்டென்றும், அது அந்துருண்டையைவிட மோசம் என்றும் அவள் ராஜகோபாலிடம் அடிக்கடி சொல்வாள். அவர் "உம்" என்பார்.

காசை வெள்ளியாக மட்டும் பார்க்கக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்தது சென்னையில். மாதம் ஒரு ஞாயிறு பழங்காசுக்காரர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடி மேஜை போடுவார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கைப்பிடி ரூபாயை எடுத்துக்கொண்டு அங்கே போனவள், துர்கா என்ற வியாபாரியின் மேஜை முன்னால் நின்றுவிட்டாள். துர்கா காசைத் தொடுவதே தனி. இரண்டு விரலால் விளிம்பைப் பிடிப்பாள். முகத்தில் விரல் படவே படாது. ராஜா தலையில் கிரீடத்து மணி தேய்ந்திருக்கிறதா, புருவத்து முடி இருக்கிறதா, விளிம்பில் அடிபட்டிருக்கிறதா, வருஷக்கணக்கில் படிந்த கருமை இயற்கையா அல்லது புகை போட்டதா, இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் விலை சொல்வாள். லோகாம்பாள் மாதாமாதம் போய் நின்றாள். கேள்வி கேட்டாள், திட்டு வாங்கினாள், கற்றுக்கொண்டாள்.

அந்த மேஜையில்தான் 1939 ஆம் வருஷத்து ரூபாயைக் கண்ணாடிக்குள் பார்த்தாள். ஆறாம் ஜார்ஜ் தலை. அதே ராஜா, அதே எடை, அதே வெள்ளியில் 1938 ஆம் வருஷத்து ரூபாய் சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. இதற்கோ லட்சத்தை ஒட்டி விலை.

"அப்படி இன்னா இதுல?" என்று கேட்டாள்.

"அந்த வருஷத்துக் காசு முக்காவாசி உருக்கிட்டாங்கமா. தப்பிச்சது கொஞ்சம். தப்பிச்சதுக்குத்தான் இந்த வெலை" என்றாள் துர்கா.

லோகாம்பாள் கண்ணாடிக்கு இன்னும் கிட்டே குனிந்தாள். வாழ்நாள் முழுக்க அவள் தொட்டதெல்லாம் நெருப்புக்குப் போயிருக்கிறது. நெருப்புக்குத் தப்பித்ததற்காகவே ஒரு பொருளுக்கு மதிப்பு என்பதை அவள் கேட்டதே இல்லை. அப்படி ஒன்றைத் தனக்கென்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், விற்பதற்கில்லை, சும்மா வைத்துக்கொள்ள. இந்த ஆசை வந்த பிறகு ஆறு வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்தாள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மொபைல் கவர் விற்கும் இளவரசன், கடை மாடியில் பழங்காசு வியாபாரமும் செய்தான். முப்பத்தைந்து வயது, வாய் நிறையப் பேச்சு. இருநூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தான். அவன் போன் செய்தான்.

"அக்கா, நீ கேட்டுக்கினு இருந்த முப்பத்தொம்பது ஒண்ணு வந்திருக்குது. வேலூர்ல ஒரு பெரிய குடும்பம். தொண்ணூறு சொன்னாங்க. நீன்றதால அறுபத்தஞ்சு."

லோகாம்பாள் போனாள். சும்மா போகவில்லை, எட்டு வருஷப் படிப்போடு போனாள். விளிம்பைப் பிடித்துத் தூக்கினாள். கிரீடம் பார்த்தாள், நடுத்தரத் தேய்மானம். புளி படாத காசு. கருமை பள்ளங்களில் இயற்கையாக இறங்கியிருந்தது. விளிம்பில் பற்கள் சீராக இருந்தன. பையிலிருந்த சின்னத் தராசில் வைத்தாள், எடை சரி. மேஜையில் சுண்டினாள், மணி போல் ஒலித்து அடங்கியது. லென்ஸை வைத்து வருஷத்தைப் படித்தாள். பஸ்ஸின் போர்டைப் படிப்பதுபோலப் படித்தாள், அவ்வளவுதான். அந்த எண்களில் கண்ணை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு செய்ததுதான் இந்த ஊர்க்காரி செய்கிற வேலை. இவ்வளவு பார்த்தும் அவள் மனசு ஆறவில்லை. காஞ்சிபுரத்தில் அசல் என்றால் வெள்ளி அசல். ஜரிகைக்கு அதுதான் கேள்வி, கொலுசுக்கு அதுதான் கேள்வி, மற்றதெல்லாம் அலங்காரம். பழங்காசைக் கல்லில் தேய்க்கிறவள் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாள் என்று துர்கா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அது நினைவுக்கு வருவதற்குள் கை பையைத் திறந்து கல்லை எடுத்துவிட்டது. காசின் விளிம்பை ஓர் இழுப்பு இழுத்தாள். வெள்ளைக் கோடு. திராவகம் விட்டாள். பச்சை பொங்கவில்லை.

"அசல்" என்றாள். "இதுல சந்தேகமே கெடையாது. நானே வாங்கிக்கினேன்."

இளவரசன் எதிரே போனை நீட்டிப் பிடித்திருந்தான். "சும்மா அக்கா, குரூப்புல போடறதுக்கு" என்று சிரித்தான். விளிம்பில் விழுந்த சின்ன மழுங்கலைப் பார்த்து அவளுக்கு மனசு சுருக்கென்றது. விற்கவா போகிறோம் என்று சமாதானம் செய்துகொண்டு பஞ்சில் பொதிந்து எடுத்துவந்தாள்.

மூன்று மாதம் அந்த வீட்டில் சந்தோஷம் இருந்தது. சாயங்காலம் கை கழுவிவிட்டு வந்து காசை எடுத்துப் பார்ப்பாள். ராஜகோபால்கூட ஒருநாள் "முகம் சுளிக்காம ஒண்ணைப் பார்க்கறியே" என்றார். எதிர்வீட்டு அம்சா பார்க்க வந்தபோது தொடவிடாமல் தூரத்திலிருந்து காட்டினாள்.

நாலாவது மாதம் அதைத் துர்காவிடம் காட்டவேண்டும் என்று தோன்றியது. விற்க அல்ல, அந்த மேஜை முன்னால் இத்தனை வருஷம் தனக்கென்று ஒரு காசு இல்லாமல் நின்றிருக்கிறாள் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள்.

துர்கா பஞ்சைப் பிரித்துக் காசை எடுத்தாள். முதலில் பார்த்தது விளிம்பை. உடனே காசைக் கீழே வைத்துவிட்டாள்.

"காஞ்சிபுரத்துல வாங்கினதா?"

"ஆமா."

"இந்த மாசத்துல இது நாலாவது" என்றாள் துர்கா. லென்ஸை எடுத்து அவளிடமே கொடுத்தாள். "கடைசி நம்பரைப் பாரு. ஒம்பது இல்ல இது. எட்டு. எட்டோட கீழ் வட்டத்துல இடது பக்கத்தைச் செதுக்கி எடுத்திருக்கான். எடுத்த எடம் பள்ளமா இருக்குது பாரு, சுத்தி இருக்கற கருமை அங்க மட்டும் வேற மாதிரி இருக்குது பாரு. இப்ப அசலைப் பாரு." கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். அசல் ஒன்பதின் வால் தானாக வளைந்து இறங்கியது. இவளுடையதில் வால் வெட்டுப்பட்டு நின்றது. ஒருதடவை பார்த்துவிட்டால் பிறகு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. அவ்வளவு அசிங்கமான வேலை.

"காசு அசல். வெள்ளி அசல். ராஜா அசல். வருஷம் மட்டும் பொய்" என்றாள் துர்கா. "இதுல கொடுமை இன்னான்னா, நாலு காசுலயும் ஓரத்துல ஒரே மாதிரி உரசி வெச்சிருக்காங்க. கேட்டா, லோகாம்பாள் உரசின காசு, அசல்தான்றாங்க. யாரோ பொம்பள வீடியோல சொல்லுதாம். யாரும்மா அது? உங்க ஊர்தானே, உனக்குத் தெரியுமா?"

எட்டு வருஷமாகப் பழகியும் துர்காவுக்கு அவள் பெயர் தெரியாது. "வாம்மா, காஞ்சிபுரம்" என்றுதான் கூப்பிடுவாள்.

"தெரியும்" என்றாள் லோகாம்பாள். நானேதான் என்று சொல்லாமல் காசைப் பஞ்சில் கூடச் சுற்றாமல் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தாள். குரூப்பில் வருவதை அவள் திறந்து பார்க்கிற வழக்கமில்லை; தன் போனில் கிடைக்காமல், அதே குரூப்பில் இருந்த அம்சாவின் போனிலிருந்து அனுப்பச் சொல்லி வாங்கினாள். அவள் வாங்கிய காசு அதில் ஒரு விநாடிதான் தெரிந்தது. மீதி முழுக்க அவள் முகம். 'அசல். இதுல சந்தேகமே கெடையாது' என்று மூன்று தடவை திரும்பத் திரும்ப வரும்படி ஒட்டியிருந்தான் இளவரசன். பின்னால் நாதஸ்வரம் வேறு. தன் குரலைக் கேட்கக் கேட்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தன் கை மேலேயே அருவருப்பாக இருந்தது. பணம் போனது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் உரசாத காசுகளையும் எவனோ உரசி, அவள் பெயரைச் சொல்லி விற்றிருக்கிறான். இனி அந்தத் தெருக்களில் அவள் வாயிலிருந்து வரும் அசல் என்ற சொல்லுக்கு என்ன மரியாதை?

வீட்டில் ராஜகோபாலிடம் சொன்னாள். அவர் காவல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "அவன்கிட்டப் போய்ப் பணத்தை வாங்கிக்கினு வந்துடு. சண்டை வேணாம்" என்றார்.

அடுத்த ஞாயிறு காலை இளவரசனின் மாடியில் குரூப்காரர்கள் கூடியிருந்தார்கள். பதினைந்து பேர் இருக்கும். பைனான்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கும் அஜித், இரண்டு ஆட்டோக்காரர்கள், டியூஷன் எடுக்கும் கலைவாணி, தெருமுனையில் இட்லிக் கடை போடும் கங்கையம்மாள். பெரிய பணக்காரர் யாரும் இல்லை. எல்லாரும் பத்தும் இருபதுமாகச் சேர்த்துவைத்தவர்கள்.

லோகாம்பாள் படியேறியதும் இளவரசன் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். பின்கட்டுக்கு அழைத்துப் போனான். மறுக்கவே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"அக்கா, நீ இன்னா சொன்னே? வெள்ளி அசல்னே. வெள்ளி அசலா இல்லியா? நான் இன்னா பொய் சொன்னேன்?"

"வருஷத்தைச் செதுக்கினியேடா."

"நான் செதுக்கலக்கா. வர்றது அப்படித்தான் வருது. வாங்கறவன் யாரு வெச்சுக்கறான்? நாளைக்கே இன்னொருத்தனுக்குக் குடுத்துடறான். கைமாத்திக்கினே இருந்தா யாருக்கும் நஷ்டம் இல்ல." குரலைத் தாழ்த்தினான். "உன் பணம் அறுபத்தஞ்சையும் இப்பவே ஜிபே பண்ணிடறேன். காசைக் குடுத்துட்டுப் போ. மாசாமாசம் நாலு காசு வரும், நீ கல்லுல ஒரு இழுப்பு இழு. காசுக்கு ரெண்டாயிரம். நீ ஒண்ணுமே சொல்ல வேணாம்."

அவளைப் பற்றி நேர்மையாக ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு நிமிஷம் லோகாம்பாள் தடுமாறினாள். அறுபத்தைந்தாயிரம் என்றால் ஆறு வருஷச் சேமிப்பு. அவன் போனில் அவள் நம்பரைத் தட்டிவிட்டுக் காத்திருந்தான். கையிலிருக்கும் காசை நீட்டினால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவள் காசையும் நீட்டத்தான் போனாள். அப்போது முன்னறையில் கலைவாணி யாரிடமோ "லோகாம்பாள் அக்காவே வந்துட்டாங்க பாருங்க, நம்ம குரூப்புக்கு இதைவிட இன்னா வேணும்" என்று சொல்வது கேட்டது. லோகாம்பாள் கையை மடக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

"எல்லாரும் அவங்கவங்க முப்பத்தொம்பதை எடுங்க" என்றாள். "லென்ஸ் தர்றேன். கடைசி நம்பரைப் பாருங்க. அது எட்டு. செதுக்கினது. என்னுதும் அதான். நான் வெள்ளியைத்தான் பார்த்தேன், வருஷத்தைப் பார்க்கல. தப்பு என்னுது. அந்த வீடியோவை நம்பாதீங்க. நீங்க வெச்சிருக்கற ஒரு காசைக்கூட நான் உரசல."

பேசி முடித்ததும், வெள்ளிச் சாமான் சோதிக்கிற அரத்தைப் பையிலிருந்து எடுத்து, அதன் முனையால் தன் காசின் வருஷத்தை நாலும் சேர்த்து அழுத்திச் சுரண்டினாள். ஒன்றும் ஒன்பதும் மூன்றும் அந்தப் பொய் ஒன்பதும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன. இனி எவனும் இதை எவனுக்கும் முப்பத்தொன்பது என்று விற்க முடியாது. அறுபத்தைந்தாயிரம் அங்கேயே போயிற்று.

யாராவது இளவரசனின் சட்டையைப் பிடிப்பார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். பிடிக்கவில்லை. லென்ஸைக்கூட ஒருவரும் வாங்கவில்லை. அஜித்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"ஏம்மா, உனக்கு இன்னா வந்துச்சு? உன் காசு உன்னோட போவட்டும். எங்க காசைப் பத்தி உன்னை யாரு கேட்டா?"

"கள்ளக்காசுபா அது!"

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வாங்கறவனுக்குத் தெரியுமா? வாயை மூடிக்கினு இருந்திருந்தா எல்லாருக்கும் நல்லது." அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "அடுத்த வாரம் எனக்கு ஒரு பார்ட்டி இருந்தான்."

அவர்களில் பாதிப் பேருக்கு முன்பே தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள். தெரிந்தேதான் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் எழுந்து, அவள் இறங்குவதற்கு வழிவிடுகிற மாதிரி நாற்காலியை நகர்த்தினார். குரூப்பிலிருந்து அவளை எடுத்துவிட்டதாக அன்று மத்தியானமே அம்சா வந்து சொன்னாள்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். கதவைத் தட்டியது கங்கையம்மாள். இட்லிக் கடையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள், கையில் இன்னும் மாவு காய்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் லோகாம்பாளுக்கு மனசு இளகிவிட்டது. பதினைந்து பேரில் ஒருத்தியாவது வந்தாளே.

"உள்ள வா கங்கம்மா. நீயும் வாங்கிக்கினியா?"

"சீட்டு எடுத்த பணம்மா. அம்பது குடுத்தேன்." கங்கையம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்தாள். "நீ நேத்து சொன்னது அத்தனையும் நெஜம். எனக்குக் கண்ணு தெரியல, பக்கத்து வூட்டுல காட்டிக் கேட்டேன். செதுக்கினதுதான்."

"போலீஸ்ல எழுதிக் குடுக்கலாமா? நான் வர்றேன். நானே சாட்சி."

"அதெல்லாம் வேணாம்மா." கங்கையம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பாவி என்னுதுல மட்டும் ஓரத்துல உரசாமயே குடுத்துட்டான். உரசல் இல்லாட்டி லோகாம்பாள் காசு இல்லன்னு சொல்றாங்க. நீ ஒரு இழுப்பு இழுத்துக் குடு, போதும். வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்ல வேணாம். பொய் சொன்ன பாவம் உனக்கு எதுக்கு?"

லோகாம்பாள் அவளையே பார்த்தாள். "யாருக்கு விக்கப்போற?"

"எங்க அண்ணிதான். சிறுவாட்டுப் பணம் வெச்சிருக்கா. நாலு மாசமா கேட்டுக்கினே இருக்கா."

"உன் சொந்த அண்ணியையா?"

"அவ வேற யாருக்காச்சும் குடுத்துப்பா" என்றாள் கங்கையம்மாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

பட்டறைப் புகையை ஆறு வருஷம் விழுங்கிய லோகாம்பாளுக்கு அந்த நொடியில் வந்தது போல் குமட்டல் எப்போதும் வந்ததில்லை. இவளைத் திட்டவும் முடியவில்லை. ஐம்பதாயிரத்தை இட்லி விற்றுச் சேர்த்தவள் இவள். "வெள்ளி வெலைக்கு நான் எடுத்துக்கிறேன்" என்றாள். "இன்னிக்கு வெலை இன்னாவோ அதைக் குடுக்கறேன். அதுக்கு மேல ஒரு பைசா இதுல இல்ல."

கங்கையம்மாள் காசைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "வெள்ளி வெலைக்குப் போடறதுக்கா அம்பதாயிரம் குடுத்தேன்? நல்லா இருக்குதும்மா உன் நியாயம். உனக்கு மனசு கல்லு." படியிறங்கி விடுவிடுவென்று நடந்தாள்.

லோகாம்பாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போன கங்கையம்மாள், அங்கே நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு கருங்கல் படியில் குந்தி உட்கார்ந்தாள். முந்தானையிலிருந்து காசை எடுத்து, விளிம்பைப் படியில் வைத்து, ஒரு இழுப்பு இழுத்தாள். தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். போதாது என்று பட்டிருக்க வேண்டும், இன்னொரு இழுப்பு இழுத்தாள். வாயால் ஊதித் துடைத்து முடிந்துகொண்டு, எழுந்து பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அண்ணி வீட்டுப் பக்கம் திரும்பினாள்.